சூரியனுக்கு முதுகு காட்டி நில்லுங்கள்

கடலூரை ஒட்டிய தாழங்குடாவில் ஒரு ஃபைபர் படகு கரையேறுகிறது. பின்னால் செக்கச்செவேலென்று சூரியன். படகைத் தள்ளும் நாலு பேரும் கறுப்பு உருவங்களாகத் தெரிகிறார்கள். நான் எடுத்ததிலேயே நல்ல படம் இதுதான் என்று நினைத்துக்கொண்டு, பெரிதாக அச்சுப் போட்டு, முன்னால் நின்று தள்ளியவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல நா எங்க தம்பி இருக்கேன்? மூஞ்சியே தெரியலியே" என்றார். பக்கத்தில் மீன் பிரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி வாங்கிப் பார்த்து, தோளை வைத்து அவரை அடையாளம் காட்டினார்.

கடலூர்க் கரையில் படம் எடுக்கப் பழகுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான். இங்கே சூரியன் கடலில் உதிக்கிறது. கேமரா வைத்திருக்கும் எல்லாரும் கடலைப் பார்த்தே நிற்கிறார்கள். நீங்கள் திரும்புங்கள். முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி, கரையைப் பார்த்து நில்லுங்கள். அந்த மஞ்சள் வெளிச்சம் முழுவதும் அப்போது ஆட்களின் முகத்தில் விழும். நெற்றி வியர்வை, வலைக் கண்ணியில் மாட்டிய கவளை மீனின் செதில், படகின் பெயிண்ட் எல்லாம் துலங்கும்.

அந்த வெளிச்சம் நிற்காது. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகளைப் படித்துவிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் சாய்ந்து ஊர்ந்து வராது, ஏறக்குறைய நேராக ஏறிவிடும். அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணி, பிறகு வெயில் வெளுத்துவிடும். ஜூனில் 5.45 சுமாருக்கு உதிக்கும், ஜனவரியில் 6.30 தாண்டும். அதற்கு அரை மணி முன்னதாகவே கரையில் இருங்கள். படகு வரும் திசையையும் ஆட்கள் கூடும் இடத்தையும் இருட்டிலேயே பார்த்துவைக்க வேண்டும்.

தண்ணீரில் நிற்கும்போது ஒரு எச்சரிக்கை. கரையேறும் படகுக்கு நேர் எதிரில் ஒருபோதும் நிற்காதீர்கள். அலை மேல் வரும் படகை ஓட்டுகிறவரால் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. பக்கவாட்டில் பத்தடி தள்ளி நின்று, கயிறு எந்தப் பக்கம் இழுபடப் போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உதயத்துக்கு முன் ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 1600 அல்லது 3200, ஷட்டர் (திறந்து மூடும் வேகம்) 1/250 நொடி. வெயில் வந்ததும் ஐஎஸ்ஓவை இறக்கி, ஷட்டரை 1/1000க்கு ஏற்றுங்கள். வலை உதறும் கையும் தெறிக்கும் தண்ணீரும் அப்போதுதான் உறைந்து நிற்கும். கடலைப் பார்த்து எடுத்தே தீர வேண்டிய நேரமும் வரும். அப்போது கேமரா வானத்தின் வெளிச்சத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு முகத்தைக் கருக்கிவிடும். எக்ஸ்போஷரை (படம் எவ்வளவு வெளிச்சமாகப் பதிய வேண்டும் என்பதை) +1, +1.5 என்று கூட்டுங்கள். வானம் வெளுத்தால் வெளுக்கட்டும். கூடையில் வெள்ளி மீன் குவித்திருந்தால் மாறாகக் கொஞ்சம் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் செதில் வெறும் வெள்ளையாகிவிடும். கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் ரா ஃபைலில் எடுத்தால் பிறகு சரிசெய்ய இடமிருக்கும்.

கடற்கரை ஈரக்காற்றுக்கு நான் ஒரு லென்ஸைப் பறிகொடுத்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் பையோடு அலமாரியில் வைத்துவிட்டேன். தை மாதம் எடுத்துப் பார்த்தபோது உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. அதிலிருந்து மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டுத்தான் வைக்கிறேன். கரையில் லென்ஸ் மேல் சாரல் பட்டால் காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள், உப்புப்பொடி கண்ணாடியைக் கீறும். முதலில் புளோவரால் ஊதி, நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த துணியால் ஒற்றி, பிறகு துடையுங்கள். முன்னால் ஒரு யுவி ஃபில்டர் இருந்தால் அடி அதற்கு விழும். இரவு ஏசி அறையில் கேமரா வைத்திருந்தால், வெளியே எடுத்ததும் லென்ஸ் வியர்த்துவிடும். பையைத் திறக்காமல் அரை மணி வெளியே வைத்துப் பிறகு எடுங்கள்.

இதையெல்லாம் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆட்களிடம் நடந்துகொள்வதற்கு எனக்கு வருடங்கள் ஆயின. மணலில் விரித்திருந்த வலை மேல் செருப்போடு ஏறி நின்று படம் எடுத்தேன் ஒருநாள். பெரியவர் ஒருவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். திட்டவில்லை. "அது எங்க சோறுப்பா" என்றார். வலையைச் சுற்றிப் போங்கள், தாண்டவும் வேண்டாம். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த பிறகு, கேமராவோடு யார் போனாலும் "எந்த டிவி தம்பி?" என்று கேட்டார்கள். இப்போதும் கேட்பவர்கள் உண்டு. இழப்பின்போது வந்து எடுத்தவர்கள் பிறகு திரும்பி வரவில்லை என்ற வருத்தம் அந்தக் கேள்வியில் இருக்கிறது. முதல் நாள் கேமராவைப் பையிலேயே வைத்து, பேசிவிட்டு வாருங்கள். ஏலம் மும்முரமாக நடக்கும்போது குறுக்கே போகாதீர்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் போகாது. படம் கிடைக்காது என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் பெயிண்ட் அடிப்பார்கள், பலகை மாற்றுவார்கள், வலை பின்னுவார்கள். எல்லாரும் உட்கார்ந்த இடத்தில் இருப்பார்கள், பேசவும் நேரம் இருக்கும். என்னுடைய நல்ல முகப்படங்களில் பாதி அந்த இரண்டு மாதங்களில் எடுத்தவை.

மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்தில் தீர்த்தவாரிக்குச் சாமிகள் கடலைப் பார்த்து வந்து நிற்கும். அங்கேயும் அதே விதிதான், தண்ணீர் பக்கம் நின்றால் முன்வெளிச்சம். ஒன்பது மணிக்குள் எடுத்துவிடுங்கள். சுரபுன்னைக் காடான பிச்சாவரத்துக்கு மட்டும் எல்லாம் தலைகீழ். சுரபுன்னைக் கிளைகளுக்கு அடியில் வெயில் திட்டுத்திட்டாக விழுந்து படத்தைக் கெடுக்கும், மேகம் மூடிய நாளில் போங்கள்.

படம் எடுத்தால் அச்சுப் போட்டுக் கொடுங்கள். ஃபோனில் அனுப்புவது போதாது. ஈரக்கையால்தான் வாங்குவார்கள், லேமினேட் செய்துவிடுங்கள். எடுத்த உடனே படகின் பதிவு எண்ணை ஒரு படம் எடுத்துவைத்தால் ஆளைத் தேடுவது எளிது. தாழங்குடா அண்ணனை மறுபடி எடுக்க நாலு காலை போனேன். இந்த முறை தண்ணீரில் நின்று, அவர் முகத்தைப் பார்த்து. கையில் கொடுத்ததும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மனைவிதான் வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார், "இன்னொன்னு போட்டுத் தருவியா தம்பி, எங்க மாமியாருக்கு?"