அப்பத்தா தைத்த போர்வை: பாதுகாக்கிறேன் என்று செய்யும் தவறுகள்

பழந்துணிகளைச் செப்பனிடக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதலில் வீட்டுப் பொருளில்தான் கைவைக்கிறார்கள். அப்பத்தா பழம்புடவைகளை அடுக்கித் தைத்த போர்வை, அத்தை குரோஷா ஊசியில் பின்னிய மேசை விரிப்பு, சித்தி போட்டுக் கொடுத்த ஸ்வெட்டர். இந்த வேலையில் இருக்கும் நாங்கள் தொடக்கத்தில் செய்த அதே காரியங்களை இவர்களும் செய்வதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. வாஷிங் மெஷினில் போடாதீர்கள், பிளீச்சிங் பவுடர் வேண்டாம் என்பதெல்லாம் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மெஷின் தையல் ஓட்டிப் பலப்படுத்துவது

இதை மட்டும் எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு ஆறாது. ஒரு பெண் தன் அப்பத்தாவின் போர்வையைக் கொண்டுவந்தார். அடியில் பழம்புடவை அடுக்குகள், மேலே சுங்குடித் துண்டுகள். கைத்தையல் அங்கங்கே விட்டுப்போயிருந்ததாம். தையல்காரரிடம் கொடுத்து, பழைய நூலை முழுக்கப் பிரிக்கச் சொல்லி, பாலியஸ்டர் நூலில் கட்டம் கட்டமாக மெஷின் ஓட்டி வாங்கியிருக்கிறார். வாங்கிய அன்று பார்க்கப் புதுசு மாதிரி இருந்ததாம். என்னிடம் வந்தபோது தையல் ஓடிய வரிசையெல்லாம் துணி கிழிந்து வாய் பிளந்திருந்தது. தையல்காரரைக் குறை சொல்ல முடியாது. கேட்டதைத்தான் செய்து கொடுத்தார்.

ஏன் கிழிந்தது? பல வருடம் உடுத்தித் துவைத்துத் தேய்ந்த பருத்தி இழை இழுவையைத் தாங்காது. பாலியஸ்டர் நூலோ லேசில் அறாது. தூக்கத்தில் போர்வையை இழுத்தால் இரண்டில் ஒன்று போயாக வேண்டும், போவது துணிதான். நெருக்கமான ஊசித் துளைகள் வேறு, தபால்தலை ஓரத்தில் இருப்பதுபோல, கிழிவதற்கு வழி போட்டுக் கொடுத்துவிடும். கையால் ஓட்டிய தையல் இப்படிச் செய்யாது. இழுத்தால் நூல் கொஞ்சம் நகர்ந்து கொடுக்கும். மீறி இழுத்தால் நூல் அறும். நூல் அறுந்தால் மறுபடி கோத்துவிடலாம், துணி அறுந்தால் என்ன செய்வது? செப்பனிடும் நூல் துணியைவிட வலுக் குறைந்ததாக இருக்க வேண்டும் என்று அருங்காட்சியகங்களில் துணிகளைப் பராமரிக்கிறவர்கள் சொல்வது இதனால்தான். பழம்புடவைகளை அடுக்கித் தைக்கும் அந்தக் கால வங்காளத்துக் காந்தா வேலையில் புடவைக் கரையிலிருந்தே நூலை உருவித் தைத்தார்கள். துணியும் நூலும் ஒரே பதத்தில் இருந்தன.

இன்னொரு இழப்பும் உண்டு. கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பகுதியில் சித்தி என்ற ஆப்பிரிக்க வம்சாவளிச் சமூகத்துப் பெண்கள் பழந்துணித் துண்டுகளில் தைக்கும் கவந்திப் போர்வையில் தையல் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வரும். அதைப் பிரித்துவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் துண்டுத் துணிகள். அப்பத்தாவின் தையலும் அப்படித்தான். எந்த மூலையில் தொடங்கினார், எங்கே முடிச்சிட்டார், எங்கே கை அலுத்துத் தையல் நீண்டது என்பதெல்லாம் அந்த நூலில் இருந்தது. அதைப் பிரித்துக் குப்பையில் போட்டுவிட்டு எதைப் பாதுகாக்கப் போகிறோம்?

பழைய தையலில் ஒன்றைக்கூடப் பிரிக்க வேண்டாம். நைந்த இடத்துக்கு அடியில், கஞ்சி முழுக்கப் போகும்படி அலசிய பழைய வேட்டித் துண்டு ஒன்றைக் கொடுங்கள். மெல்லிய ஊசி, ஒற்றைப் பருத்தி நூல் போதும். கிழிசலின் விளிம்பில் குத்தாமல் ஒரு விரற்கடை தள்ளி நல்ல துணியில் தொடங்கி, கிழிசலைத் தாண்டி எதிர்ப்பக்கம் நல்ல துணியில் முடியுங்கள். துணி சுருங்கினால் நூலை இறுக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், தளர்த்துங்கள். பசையும், இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் துணியும் வேண்டவே வேண்டாம்.

கஞ்சி போட்டு எடுத்துவைப்பது

கஞ்சியைத் தின்னத்தான் ராமபாணப் பூச்சி வருகிறது.

அந்துருண்டை

குழந்தை பிறந்ததும் முதலில் தேடுவது பாட்டியின் பழம்புடவைப் போர்வையைத்தான். அதனால் இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். நாப்தலின் உருண்டையின் ஆவி துணியில் தங்கும். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகளுக்கு அதனால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரலாம். குறைபாடு இருப்பது பல வீடுகளில் முன்கூட்டித் தெரியாது. உருண்டை போட்டு வைத்த துணியில் பச்சைக் குழந்தையைப் படுக்க வைக்காதீர்கள்.

கம்பளி ஸ்வெட்டரில் அந்துப்பூச்சி கண்டால் காற்றுப் புகாத பையில் போட்டு, மைனஸ் 18 டிகிரி குளிர் உள்ள ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு குளிர் முழுக்க விடும்வரை பையைத் திறக்கக் கூடாது; திறந்தால் துணியில் ஈரம் கோக்கும்.

பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரணில் போடுவது

அடைமழையில் பூஞ்சணம், சித்திரையில் வேக்காடு. கஞ்சியில்லாத மல் துணியில் சுற்றி பீரோவின் நடுத்தட்டில் வையுங்கள்.

வருடக்கணக்கில் ஒரே மடிப்பு

மடிப்பை அவ்வப்போது மாற்றுங்கள்.

சட்டம் போட்டு வெயில் படும் சுவரில் மாட்டுவது

அருங்காட்சியகங்களில் துணிகளுக்குப் பொதுவாக 50 லக்ஸ் வெளிச்சம்தான் வைக்கிறார்கள். நம் வீட்டு ஜன்னலோர வெளிச்சம் அதைப்போல் பல மடங்கு. வெளுத்த சாயம் திரும்ப வராது. வெயில் எட்டாத உள்சுவரில், கண்ணாடி பின்னலைத் தொடாதபடி இடைவெளி விட்டுச் சட்டம் போடச் சொல்லுங்கள்.

பெயர் எழுதாமல் விடுவது

பால்பாயிண்ட் பேனாவால் துணியில் எழுதினால் மை பரவும், ஊக்கில் சீட்டுக் குத்தினால் துருக்கறை பிடிக்கும். பருத்தி நாடாவில் தைத்தவர் பெயர், ஊர், வருடம் மூன்றையும் நூலால் தைத்து, போர்வையின் பின்பக்க மூலையில் இரண்டு தளர்ந்த தையலில் பிடித்துவிடுங்கள். எந்தத் துண்டு யாருடைய புடவை என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வீட்டில் மூத்த அத்தை யாரோ, அவரிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.