டாரன்ட்டில் இறங்கிய கோப்பைத் திறக்கும் முன்

பெங்களூரு அல்சூரில் தம்பியோடு தங்கியிருக்கிறேன். போன மாதம் அவன் மடிக்கணினிக்காக உபுண்டு என்ற இயங்குதளம் தேவைப்பட்டது. அவசரத்தில், தேடலில் முதலில் வந்த ஏதோ ஒரு டாரன்ட்டை (பலருடைய கணினிகளிலிருந்து துண்டு துண்டாக இறங்கும் பகிர்வு) இறக்கிவிட்டேன். வந்தது வெறும் 4 எம்பி. உபுண்டு டெஸ்க்டாப் என்றால் பல ஜிபி இருக்க வேண்டுமே! சந்தேகம் அங்கேதான் வந்தது.

கோப்புப் பெயரின் கடைசியில் அதன் வகையைச் சொல்லும் பின்னொட்டை விண்டோஸ் வழக்கமாக மறைத்துவைக்கும். வியூ மெனுவில் அதைக் காட்டச் சொன்னேன். '.ஐஎஸ்ஓ' (நிறுவல் வட்டின் நகல்) என்று முடிந்த பெயருக்குப் பின்னால் '.இஎக்ஸ்இ' (விண்டோஸ் நிரல்) ஒட்டிக்கொண்டிருந்தது. பகீரென்றது. திறந்திருந்தால் நிரலாகவே ஓடியிருக்கும்.

திறக்காமலே, பல ஆன்டிவைரஸ்களைக் கொண்டு கோப்பைச் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றினேன். பல ஆன்டிவைரஸ்கள் சிவப்பில் காட்டின, அழித்தேன். (ஒன்றுமே சிவப்பாக வராவிட்டாலும் முழுசாக நம்ப முடியாது, புதிய வைரஸ் தப்பிவிடும்.)

அப்புறம் உபுண்டு தளத்திலேயே டாரன்ட் எடுத்தேன். விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் 'கெட்-ஃபைல்ஹேஷ்' கொடுத்து, வந்த எஸ்ஹெச்ஏ-256 குறியீட்டை (கோப்பின் கைரேகை மாதிரியான ஹேஷ்) அவர்கள் வெளியிட்டிருந்ததோடு ஒப்பிட்டேன். 64 எழுத்தும் பொருந்தின. டாரன்ட் மென்பொருளும் ஹேஷ் சரிபார்க்கும்தான். ஆனால் பகிர்ந்தவர் வைத்தது சிதையாமல் வந்ததா என்று மட்டுமே அது சொல்லும், அவர் வைத்தது நல்லதா என்று சொல்லாது. சரி என்று உறுதியானதும் அன்று இரவே தம்பி நிறுவிவிட்டான்.