களப்பில் லூர் போடப் போகும் மலையகத் தம்பிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காசல்ரீயிலும் மவுஸ்ஸாகலையிலும் தூண்டில் பிடித்துப் பழகியவர்கள் நம் தோட்டங்களில் நிறையப் பேர். திலாப்பியா, கார்ப் என்று பிடித்துக் கை பழகியதும் லூர் (இரை மாதிரிச் செய்த செயற்கை இரை) மேல் ஆசை வருகிறது. அப்புறம் ஒரு போயா லீவில் நாலு பேராகச் சேர்ந்து பதுளை, பிபிலை வழியாகச் செங்கலடிக்கு இறங்கி மட்டக்களப்புப் பக்கம் போகிறார்கள், அல்லது குருநாகல், புத்தளம் வழியாகக் கற்பிட்டிக்கு. முழங்கால் அளவு உப்புத் தண்ணீரில் இறங்கி நாள் முழுக்க வீசிவிட்டு வெறுங்கையோடு திரும்பும்போது, "லூரை அங்கே மீன் தொடாது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

தொடும். பாரை, கொடுவா, கட்டா, சீலா எல்லாமே ஓடுகிற இரையைத் துரத்திப் பிடிக்கிற மீன்கள். லூருக்கு இவற்றை விடப் பொருத்தமான மீன் கிடையாது. நீர்த்தேக்கத்தில் பழகிய பழக்கத்தை அப்படியே களப்புக்குக் கொண்டுபோவதுதான் சிக்கல். நீர்த்தேக்கத்தில் நல்ல இடம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஆழமில்லாத களப்புப் பரப்பில் முதலில் நேரம் தெரிய வேண்டும், அடுத்தது கண் வேலை செய்ய வேண்டும். கை வேலை அதற்கப்புறம்தான். நான் பார்க்கிற தவறுகளில் முக்கால்வாசி இந்த வரிசையைத் தலைகீழாக்குவதால் வருபவை.

தண்ணீரின் நேரம் பார்க்காமல் போவது

காசல்ரீயில் தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும் மழையையும், மின்சாரத்துக்குத் திறந்துவிடுவதையும் பொறுத்தது. அது நாள் கணக்கில், கிழமைக் கணக்கில் நடக்கும். காலையில் நின்ற கரையில் மாலையிலும் நின்று வீசலாம். கடலோடு சேர்ந்த களப்பில் மணிக்கு மணி நிலைமை மாறும். வற்றுப்பெருக்கு நாளுக்கு இரண்டு முறை வரும். ஒரு பெருக்குக்கும் அடுத்த பெருக்குக்கும் இடையில் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். அதனால் இன்றைய நேரம் நாளைக்கு 50 நிமிடமளவில் பிந்தும்.

இலங்கையைச் சுற்றி வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள உயர வித்தியாசம் பெரிதில்லை, அரை மீட்டர் அளவுதான். "அரை மீட்டர்தானே" என்று விட்டுவிடுவார்கள். களப்பின் ஓரம் தாம்பாளம் மாதிரித் தட்டையானது. அங்கே தண்ணீர் பத்து சென்டிமீட்டர் ஏறினாலே காய்ந்து கிடந்த மணல் பத்து இருபது மீட்டர் அகலத்துக்கு நனையும். அந்தப் புது ஈரத்தில் நண்டும் இறாலும் வெளியே வரும். அவற்றைத் தேடி மணலை மீனும் கிளக்கன் மீனும் ஏறும், அவற்றுக்குப் பின்னால் பாரை வரும். தண்ணீர் இறங்கத் தொடங்கியதும் எல்லாம் பின்வாங்கி வாய்க்கால் மாதிரி இருக்கிற பள்ளங்கள் வழியாக ஆழத்துக்குப் போய்விடும்.

ஆகவே தண்ணீர் ஏறுகிற முதல் இரண்டு மணி நேரம் பரப்பின் ஓரத்தில் நில்லுங்கள். இறங்குகிற கடைசி இரண்டு மணி நேரம் பள்ளத்தின் வாயில் நில்லுங்கள். நடுவில் தண்ணீர் அசையாமல் நிற்கும்போது உட்கார்ந்து சாப்பிடலாம். பலர் இதை மாற்றிச் செய்கிறார்கள். விடிய ஐந்து மணிக்கே வந்து, தண்ணீர் நின்றுபோன நேரத்தில் கை ஓய வீசிவிட்டு, ஓடத் தொடங்குகிற நேரத்தில் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

நமக்கு ஒரு வசதி உண்டு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும், அவற்றை அடுத்த ஓரிரு நாளிலும் வற்றுப்பெருக்கு அதிகம். பௌர்ணமி என்றால் போயா, போயா என்றால் லீவு. தண்ணீர் நன்றாக ஓடுகிற நாளும் நமக்கு வேலையில்லாத நாளும் ஒன்றாக வருகின்றன. அதைப் பயன்படுத்துங்கள்.

ஃபோனில் பார்க்கிற வற்றுப்பெருக்கு அட்டவணையை அப்படியே நம்பவும் கூடாது. திருகோணமலைக்கோ கொழும்புக்கோ போட்ட நேரம் களப்பின் உட்பகுதிக்குப் பிந்தித்தான் வந்து சேரும். மட்டக்களப்பு வாவியில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. வறண்ட காலத்தில் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் கடலின் ஏற்ற இறக்கம் உள்ளே வரவே வராது. அப்போது அட்டவணை வெறும் காகிதம். வருஷக் கடைசியில் வாடைக்கால மழை கொட்டி, முகத்துவாரம் திறந்து, வெள்ளம் வடியும் நாட்களில் தண்ணீர் கலங்கி நன்னீராகக் கிடக்கும். அப்போது கண்ணால் பார்த்துப் பிடிக்கிற வேலை நடக்காது. கிளம்புமுன் "முகத்துவாரம் திறந்திருக்கா?" என்று அங்கே இருக்கிற யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

காற்றும் தண்ணீரைத் தள்ளும். வற்றுப்பெருக்கு சின்னதாக இருக்கிற நம் களப்புகளில் ஒரு நாள் பலத்த காற்றே ஒரு கரையில் தண்ணீரை வற்றவைத்து மறு கரையில் ஏற்றிவிடும். கற்பிட்டியில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று விடாமல் அடிக்கும். பட்டம் கட்டிக் கடலில் சறுக்குகிறவர்கள் வெளிநாட்டிலிருந்து அங்கே வருவதே அந்தக் காற்றுக்காகத்தான். அந்த மாதங்களில் ஐந்து கிராம் லூரோடு அங்கே போவது வீண். அதே காலத்தில் கிழக்கில் கடல் அமைதி, ஆனால் மட்டக்களப்பார் கச்சான் என்று சொல்கிற சூடான காற்று மத்தியானத்தில் எழும்பும். காலை வேலையைப் பத்து மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

பார்க்குமுன் வீசுவது

கரைக்கு வந்ததும் முதல் வேலையாக வீசுவது நீர்த்தேக்கப் பழக்கம். அங்கே தண்ணீர் ஆழம், அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது, வீசித்தான் தேட வேண்டும். முழங்கால் தண்ணீரில் நிலைமை வேறு. மீன் உங்களைப் பார்க்கும், உங்கள் காலடி அதிர்வை உணரும். முதல் வீச்சில் லூர் 'தொப்' என்று விழுந்தாலே முப்பது மீட்டர் சுற்றுவட்டத்தில் இருந்ததெல்லாம் பறந்துவிடும்.

கரையிலேயே பத்து நிமிடம் நின்று பாருங்கள். போலரைஸ்டு கண்ணாடி கட்டாயம், செம்பு நிறம் அல்லது தேன் நிறம் நல்லது. அது இல்லாமல் இந்த மீன்பிடிப்புக்குப் போகவே வேண்டாம் என்பேன். ரொட் (தூண்டில் கம்பு) வாங்குகிற காசில் கொஞ்சம் குறைத்துக் கண்ணாடி வாங்கினாலும் தப்பில்லை. வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். நிழல் நீண்டு தண்ணீரில் விழுகிற காலை நேரத்தில் மட்டும் கொஞ்சம் பக்கவாட்டில் நில்லுங்கள்.

மீனையே தேடாதீர்கள், அது மணல் நிறத்தில்தான் இருக்கும். அசைவைத் தேடுங்கள். காற்று ஒரு பக்கம் சிற்றலை எழுப்ப, ஒரு திட்டு மட்டும் எதிர்த் திசையில் நெளியும். குட்டி மணலைக் கூட்டம் ஒரே நேரத்தில் துள்ளிச் சிதறும். தெளிந்த தண்ணீரில் ஓரிடத்தில் மட்டும் சேறு புகை மாதிரி எழும். அந்தச் சேற்றுப் புகையைக் கவனமாகப் பாருங்கள். பெரும்பாலும் அடியில் ஒரு திருக்கை செட்டையை அடித்து மணலைக் கிளறி நண்டு தேடிக்கொண்டிருக்கும். அதன் முதுகுக்கு மேலே, நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டு, ஒன்றிரண்டு பாரைகள் போகும். திருக்கை கிளப்பிவிடுகிற நண்டையும் குஞ்சு மீனையும் தட்டிப் பறிக்கத்தான் அவை கூடவே திரிகின்றன. லூரைத் திருக்கையின் மேல் போட்டால் எல்லாம் கலைந்துவிடும். அது போகிற வழியில் இரண்டு மூன்று மீட்டர் முன்னால், கொஞ்சம் அப்பால் போட்டு, குறுக்காக இழுத்து வாருங்கள். பாரை திரும்புவது உங்களுக்கே தெரியும்.

இந்தக் 'குறுக்காக' என்பதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. சின்ன மீன் பெரிய மீனை நோக்கி ஓடாது, விலகித்தான் ஓடும். மீனுக்கு முன்னால் லூரைப் போட்டு அதன் முகத்தை நோக்கி இழுத்தால், மீன் மிரண்டு ஓடும். அது பசியில்லாததால் ஓடவில்லை. இரை தன்மேல் பாய்வதை அது வாழ்நாளில் பார்த்ததில்லை. வீசுமுன் மீன் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரிந்துகொண்டு, லூர் அதைவிட்டு விலகி ஓடுகிற கோணத்தில் நில்லுங்கள். கோணம் சரியில்லையென்றால் வீசாமல் இருப்பதே மேல்.

லூரும் வேகமும்

நீர்த்தேக்கத்துக்கு வாங்கிய பதினைந்து இருபது கிராம் ஸ்பூனை (கரண்டி மாதிரி உலோக லூர்) இங்கே போட்டால் நேரே சாதாழைக்குள் போய்ப் புதையும். ஒவ்வொரு முறையும் புல்லைச் சுற்றிக்கொண்டு வரும். அரை மீட்டர் தண்ணீருக்கு மூன்று முதல் ஏழு கிராம் போதும். சொஃப்ட் பிளாஸ்டிக் (மெத்தென்ற லூர்) போடுகிறீர்கள் என்றால், முள்ளின் நுனி பிளாஸ்டிக்குக்குள் மறைந்திருக்கிற மாதிரிக் கோர்த்தால் புல்லுக்கு மேலாக வழுக்கி வரும். ஏழடி ரொட், 2500 அல்லது 3000 அளவு ரீல், பத்து முதல் பதினைந்து இறாத்தல் பிரேட் (பின்னல் லைன்) போதுமானது. பிரேட்டை நேரே லூரில் கட்டிவிடாதீர்கள். தெளிந்த தண்ணீரில் அது பளிச்சென்று தெரியும், கொடுவாயின் செவிள் மூடியில் பட்டால் நொடியில் அறுந்துபோகும். ஒரு மீட்டர் நீளத்துக்குத் தங்கூசியிலோ ஃபுளோரோகார்பனிலோ லீடர் (பிரேட்டுக்கும் லூருக்கும் நடுவில் கட்டுகிற துண்டு) வையுங்கள். பாரைக்கு இருபது இறாத்தல், கொடுவா இருக்கிற கண்டல் ஓரமென்றால் முப்பது. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் லீடரின் கடைசி அரை அடியை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.

எல்லா மீனுக்கும் ஒரே வேகத்தில் சுற்றுவதும் தவறு. பாரையோ கட்டாவோ பின்னால் வருவதைக் கண்டதும் பதறி ரீலை நிறுத்திவிடுவார்கள். மீனும் நின்று, பார்த்து, திரும்பிவிடும். வேகத்தைக் கூட்டுங்கள், தப்பி ஓடுகிற இரையை அது விடாது. கொடுவாவுக்கு நேர்மாறு. இரண்டு சுற்று, ஒரு நிறுத்தம், மறுபடி இரண்டு சுற்று. பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் அடிக்கும். அடித்ததும் ரொட்டை வானத்துக்குத் தூக்குகிற பழக்கத்தையும் விடுங்கள். ஆழமில்லாத தண்ணீரில் அப்படித் தூக்கினால் லூர் மீனின் வாயிலிருந்து கழன்று உங்கள் முகத்துக்கே வரும். ரொட்டைத் தாழ்த்தி, லைன் இறுகும்வரை சுற்றி, பிறகு பக்கவாட்டில் இழுங்கள்.

கால்

கொழுந்து மலையில் போடுகிற கம்பூட்ஸோடு களப்பில் இறங்காதீர்கள். தண்ணீர் நிறைந்து கனக்கும், கண்டல் ஓரச் சேற்றில் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். கணுக்காலை மூடிய, அடி தடித்த, தண்ணீர் வடிகிற பழைய கன்வஸ் சப்பாத்து நல்லது. வெறுங்காலோடு இறங்குவது அதைவிட மோசம், சிப்பி கிழித்துவிடும்.

காலைத் தூக்கி வைத்து நடக்கக் கூடாது. மணலோடு தேய்த்துத் தேய்த்து நகருங்கள். மணலில் புதைந்து கிடக்கிற திருக்கை காலின் அசைவை உணர்ந்து விலகிப் போய்விடும். மேலே மிதித்தால் வாலின் முள்ளால் குத்தும். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் காயத்தை அரை மணி நேரத்துக்கு மேல் அமிழ்த்தி வைத்தால் வலி குறையும். முள் ஆழமாக ஏறி நின்றால் பிடுங்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆகவே தனியாகப் போகாதீர்கள்.

மட்டக்களப்பு வாவியில் முதலை உண்டு. கலங்கிய தண்ணீர், கண்டல் நெருக்கம், பொழுது சாய்கிற நேரம் இந்த மூன்றும் சேர்கிற இடத்தில் இறங்க வேண்டாம். எங்கே இறங்கலாம் என்பதை வீச்சுவலைக்காரரிடம் கேளுங்கள். "அண்ணே, இதில இறங்கலாமா?" என்று மரியாதையாகக் கேட்டால் முதலை இருக்கிற இடத்தோடு மீன் இருக்கிற இடத்தையும் சேர்த்தே சொல்லுவார்கள். அவர்கள் கட்டியிருக்கிற வலைக்கும் கம்புக்கும் பக்கத்தில் லூர் போடாதீர்கள். மூன்று முள் லூர் ஒன்று வலையில் சிக்கினால் அதை எடுக்கப் பாதி வலையைக் கிழிக்க வேண்டிவரும். அது ஒரு குடும்பத்தின் அன்றைய சாப்பாடு.

வெயிலைப் பற்றி ஒன்று. ஹட்டனில் ஸ்வெட்டரோடு பஸ் ஏறி, சில மணி நேரத்தில் முப்பது பாகைக்கு மேல் வெயிலில், தண்ணீரின் பளபளப்புக்கு நடுவில் நிற்கிறோம். உடம்பு அதற்குப் பழகியிருக்காது. தொப்பி, நீளக் கைச் சட்டை, ஆளுக்கு மூன்று லீட்டர் தண்ணீர்.

போகுமுன் மலையிலேயே பழகுவது

வற்றுப்பெருக்கை மலையில் கற்க முடியாது. குறி வீசக் கற்கலாம். மழை குறைந்து மவுஸ்ஸாகலையில் தண்ணீர் கீழே போகிற மாதங்களில், பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரிகிற காலத்தில், கரையோரம் முழுக்க ஆழமில்லாத தண்ணீர்தான். அங்கே மிதக்கிற ஓர் இலையைக் குறியாக வைத்து, ஐந்து கிராம் லூரைத் தாழ்வாக, பக்கவாட்டில், சத்தமில்லாமல் விழ வையுங்கள். எதிர்காற்றிலும் பழகுங்கள். களப்பில் பதினைந்து மீட்டரில் சரியாக விழுகிற வீச்சுக்கு இருக்கிற மதிப்பு, நாற்பது மீட்டர் தூர வீச்சுக்குக் கிடையாது.

வீட்டுக்கு வந்த இரவு

இரவு பஸ்ஸில் வந்து இறங்கி, பையை லயத்து மூலையில் போட்டுத் தூங்கிவிடுவது நம் ஊரில் கூடுதலாகத் தண்டனை தரும் தவறு. உப்பு ஈரத்தை இழுக்கும், நம் மலையில் பனிக்கும் மூடுபனிக்கும் குறைவில்லை. காயாத ஒரு லூர் போதும், பெட்டியில் இருக்கிற மற்ற முட்களும் சேர்ந்து துருப்பிடிக்கும். பாவித்த லூர்களைத் தனி டப்பாவில் கொண்டுவந்து, அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவி, அடுப்படிச் சூட்டில் காயவையுங்கள். ரீலைத் தண்ணீரில் முக்கக் கூடாது, உப்பு உள்ளே போய்விடும். டிராக்கை (லைன் இழுபடும் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு) இறுக்கிவிட்டு, மேலாக மெல்லத் தண்ணீர் தெளித்து, துணியால் துடைத்து, காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். ரீலின் கைபிடிக்கும், லைன் உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் அடுத்த போயாவுக்கும் அதே ரீல் சத்தமில்லாமல் சுற்றும்.