‘என்றார்’ அடுத்த பக்கத்தில் இருக்கலாம்: எழுத்தாளர்களிடம் வாசகர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் மதுரை நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலக வாசலில் ஒரு தம்பியைப் பார்த்தேன். எங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக் கூட்டத்துக்குப் புதிதாக வருபவர். “அண்ணே, இந்த எழுத்தாளர் எழுதியிருப்பதைப் பாருங்கள். இன்றைக்கு ராத்திரி முகநூலில் போடப்போகிறேன்” என்று கைப்பேசியை நீட்டினார். ஒரு நாவலின் ஒற்றைப் பக்கம். ஓரத்தில் யாருடைய கட்டைவிரலோ தெரிந்தது. நான்கு வரிகளுக்குக் கீழே சிவப்புக் கோடு. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே மாதிரிப் படம் ஒன்றை நானும் போட்டிருக்கிறேன்.

கெட்ட வார்த்தையில் ஏசக்கூடாது, வீட்டாரை இழுக்கக்கூடாது என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நல்ல வாசகர்கள் நல்ல எண்ணத்தோடு செய்துவிடும் தவறுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பாத்திரத்தின் பேச்சை எழுதியவர் தலையில் கட்டுவது

2017இல் நடந்தது. மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றைப் பற்றிய நாவல் அது. எழுதியவர் ஒரு பள்ளி ஆசிரியை. அவருக்கு அது முதல் புத்தகம். 113ஆம் பக்கத்தில், “பெண்பிள்ளைக்குப் படிப்பு ஏறினால் குடும்பம் இறங்கிவிடும்” என்று தொடங்கி ஒரு நீண்ட பேச்சு வருகிறது. பஸ்ஸில் படித்துக்கொண்டிருந்த எனக்குக் கோபம் தலைக்கேறியது. பக்கத்தைப் படமெடுத்தேன், புத்தகத்தை மூடினேன். மாட்டுத்தாவணி வருவதற்குள், “ஒரு ஆசிரியையின் மனத்தில் இருப்பதைப் பாருங்கள்” என்று எழுதி, அவர் பெயரையும் இணைத்து (‘டேக்’ செய்து) போட்டுவிட்டேன்.

தமிழில் பேச்சு முதலில் வரும். ‘என்றான்’, ‘என்றார்’ பெரும்பாலும் கடைசியில்தான் வரும். பேச்சு நீண்டுவிட்டால், பேசியவர் யார் என்பது பக்கத்தைத் திருப்பிய பிறகுதான் தெரியும். நான் எடுத்த படத்தில் மேற்கோள் குறி தொடங்கியிருந்தது, முடியவில்லை. அது என் கண்ணில் படவே இல்லை. 114ஆம் பக்கத்தின் முதல் வரி, ‘என்றார் தாத்தா.’ அடுத்த வரியில் பேத்தி பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசற்படி இறங்குகிறாள். அந்தப் பெண் இறங்கிப் போவதைச் சொல்லத்தான் அந்த நாவலே எழுதப்பட்டிருந்தது.

அவர் ஒரே ஒரு பதில் எழுதினார்: “அடுத்த பக்கத்தையும் படமெடுத்துப் போடுங்கள், தம்பி.” நழுவுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டே நாளில் அந்தப் படம் எங்கெங்கோ போய்விட்டது. அவர் வேலை பார்த்த பள்ளிக்கு யாரோ தொலைபேசியில் கூப்பிட்டு, இப்படிப்பட்டவர் எப்படிப் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாம் என்று கேட்டிருக்கிறார்கள். மூன்றாம் நாள்தான் நான் 114ஆம் பக்கத்தைப் படித்தேன். அன்றே மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பழியைப் பகிர்ந்தவர்கள் நானூறு பேருக்கு மேல். மன்னிப்பைப் பகிர்ந்தவர்கள் பதினொரு பேர். வாரம் ஓர் அத்தியாயமாக முகநூலில் அவர் எழுதிவந்த அடுத்த நாவல் ஏழாவது அத்தியாயத்தோடு நின்றுபோனது. எட்டாவதை நான் இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லவும் எனக்கு வழியில்லை. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வந்த நாவல். 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு மூண்டபோது, அதிலிருந்து பிரித்தெடுத்த பக்கங்கள் நகலெடுக்கப்பட்டுக் கைமாறின. 2015 ஜனவரியில், தனக்குள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவர் முகநூலில் அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று, அவர் மீண்டும் எழுத வரட்டும் என்று சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதையெல்லாம் செய்தித்தாளில் நாள் தவறாமல் படித்து, அவர் பக்கம் நின்று டீக்கடையில் வாதாடியவன் நான். மறு ஆண்டே அதே வேலையை என் கைப்பேசியில் செய்தேன். நினைத்தால் இன்றும் ஆறவில்லை.

எழுத்தாளர் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. பாத்திரம் பொய்யாக இருக்கிறது, கதையே அந்தத் தாத்தாவின் பக்கம் சாய்கிறது என்று படுகிறதா? தாராளமாக எழுதுங்கள். ஆனால் பேசுகிறவர் யார், அந்தப் பேச்சு எங்கே முடிகிறது, அதற்குக் கதை என்ன பதில் வைத்திருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். குறைந்தபட்சம் அந்த அத்தியாயத்தையாவது முடியுங்கள்.

நூலக வாசலில் அந்தத் தம்பியிடம், “அடுத்த பக்கம் எங்கே?” என்று கேட்டேன். “புத்தகம் என்னிடம் இல்லை அண்ணே, வாட்ஸ்அப்பில் வந்தது” என்றார். இருவரும் உள்ளே போய்த் தேடினோம். புத்தகம் கிடைத்தது. அவர் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். படம் அன்றிரவு முகநூலுக்குப் போகவில்லை.

பி.டி.எஃப். கேட்பது

புத்தகம் வந்துவிட்டது என்று எழுத்தாளர் சொன்ன மறுநிமிடம், “பி.டி.எஃப். கிடைக்குமா?” என்று அதன் கீழேயே கேட்கிறார்கள். தமிழில் ராயல்டி பொதுவாக விலையில் பத்து சதவீதம். 200 ரூபாய்ப் புத்தகம் விற்றால் அவருக்கு 20 ரூபாய். அதையும் விட்டுக்கொடு என்று அவரிடமே கேட்கிறோம். சட்டப்படி, எழுதியவர் இறந்த பிறகும் 60 ஆண்டுகளுக்குப் பதிப்புரிமை உண்டு.

இலவசமாகப் படிக்க நேர்வழி இருக்கிறது. நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய மதுரைத் திட்டம் 1998 பொங்கலிலிருந்து தமிழ் நூல்களை மின்னூல்களாக்கித் தருகிறது. நாட்டுடைமையான நூல்கள் பல தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கின்றன. புதிய புத்தகம் வேண்டுமென்றால் நூலகத்தில் கேளுங்கள்.

குறை சொல்லும்போது பெயரை இணைப்பது

புத்தகம் பிடிக்கவில்லை என்று நீங்கள் எழுதுவது மற்ற வாசகர்களுக்காக. எழுத்தாளரின் பெயரையும் அதில் இணைத்தால், அவர் வீட்டுக் கதவைத் தட்டி, தெருவையும் கூட்டி வைத்துச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

படிக்காமல் நட்சத்திரம் போடுவது

ஐந்து நட்சத்திரமும் போடாதீர்கள், ஒற்றை நட்சத்திரமும் போடாதீர்கள்.

கேட்காமல் உங்கள் கதையை அனுப்புவது

முதலில் அனுமதி கேளுங்கள்.

அச்சுப்பிழைகளைப் பொதுவில் அடுக்குவது

பக்க எண், வரி எண்ணோடு தனியே அனுப்புங்கள். அடுத்த அச்சில் திருத்திக்கொள்ள முடியும்.