கடை மூலையில் ஒரு குட்டி சர்வர்: எட்ஜில் நாம் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

ஒரு கடைச் சங்கிலிக்கு வேலை செய்துகொண்டிருந்தபோது, தினமும் இரவு பத்து மணிக்கு மேல் எச்சரிக்கைகள் வரிசையாக வந்து விழும். ஒவ்வொரு கிளையிலும் நாங்கள் வைத்திருந்த குட்டி சர்வர் பெட்டியோடு ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்பு அறும். காலை ஒன்பதரைக்கு எல்லாம் தானாகவே உயிர் பெறும். நெட்வொர்க்கைச் சந்தேகப்பட்டோம், ரூட்டரை மாற்றினோம், இரண்டு நாள் உட்கார்ந்து லாக் படித்தோம். கடைசியில் ஒரு கிளைக்குப் போன் போட்டுக் கேட்டால், "கடை சாத்தும்போது மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான சார் போவோம்?" என்றார் அங்கிருந்தவர். அணையாத சர்வரையே பார்த்துப் பழகிய எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

கடை, ஆலை, கிடங்கு, செல்போன் கோபுரம் என்று தரவு பிறக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கிளவுட் பயன்பாடுகளை ஓட்டுவதுதான் எட்ஜ் கம்ப்யூட்டிங். இதில் நான் பார்த்த தவறுகள் பெரும்பாலும் ஒரே வேரில் கிளைத்தவை. இணைப்பு இருக்கும், கரன்ட் இருக்கும், கோளாறு என்றால் கைவைக்க ஆள் இருக்கும் என்று நம்பும் டேட்டா சென்டர் பழக்கம்தான் அந்த வேர்.

எல்லா ஊருக்கும் ஒரே கிளஸ்டர்

பல கணினிகளை ஒரு கூட்டாக (கிளஸ்டர்) சேர்த்து, பயன்பாடுகளை அவற்றில் பிரித்து ஓட்டும் மென்பொருள் குபெர்னெட்டிஸ்; கூட்டில் உள்ள ஒவ்வொரு கணினியும் ஒரு நோட். கட்டுப்பாடு முழுவதும் மையத்தில், கிளைகளில் வெறும் நோட்கள் என்று ஒரே குபெர்னெட்டிஸ் கிளஸ்டரை ஊர் ஊராக இழுத்துக் கட்டுவது பார்க்கச் சிக்கனமாக இருக்கும். இணைப்பு அறுந்து ஒரு நிமிடத்துக்குள் மையம் அந்த நோடைக் காணவில்லை என்று குறித்துக்கொள்ளும். இயல்பாக வரும் அமைப்பில் இன்னும் ஐந்து நிமிடம் பொறுத்துவிட்டு, அங்கே ஓடியவற்றை வேறிடத்துக்கு மாற்றப் பார்க்கும். கடையிலோ ஒன்றும் நிற்கவில்லை, பில் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். எந்த வேலை எந்த நோடில் என்று கட்டிவைக்காமல் விட்டால், ஒரு கடையின் பிரிண்டர் சேவை அடுத்த ஊர்க் கடையில் எழுந்து நிற்கும் வேடிக்கையும் நடக்கும்.

இணைப்பும் கரன்டும் ஒன்றாகப் போனால் நிலைமை இன்னும் மோசம். இணைப்பு மட்டும் போனால் நோடில் குபெர்னெட்டிஸின் கையாளாக இருக்கும் கியூப்லெட் என்ற நிரல், தன் கன்டெய்னர்களை (தேவையானதெல்லாம் சேர்த்துக் கட்டிய பயன்பாடுகளை) ஓடவிட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் அந்தச் சமயத்தில் பெட்டி அணைந்து மறுபடி எழுந்தால், எதை ஓட்ட வேண்டும் என்று அது மையத்தைத்தான் கேட்கும். பதில் வராது, கடையும் திறக்காது. குபெர்னெட்டிஸை எட்ஜுக்கு ஏற்றபடி தரும் கியூப்எட்ஜ் போன்ற கருவிகள் அந்தப் பட்டியலை எட்ஜிலேயே எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளக் கோப்பில் எழுதி வைப்பது இதனால்தான்.

அமெரிக்காவின் சிக்-ஃபில்-ஏ உணவகச் சங்கிலி வேறு வழியில் போனது. 2018-இல் அதன் பொறியாளர்கள் எழுதியபடி, ஏறத்தாழ 2,000 உணவகங்களில் ஒவ்வொன்றுக்கும் மூன்று சிறிய இன்டெல் நக் பெட்டிகள், அந்த மூன்றின் மேல் அந்த உணவகத்துக்கே சொந்தமான ஒரு கிளஸ்டர். ஏன் மூன்று? கிளஸ்டரின் நினைவாக இருக்கும் எட்சிடி என்ற தரவுத்தளம் இயங்க, பெட்டிகளில் பெரும்பான்மை உயிரோடு இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று போனால் தாங்கும்; இரண்டு வைத்தால் ஒன்று போனதுமே முடங்கும். செலவைக் குறைக்க இரண்டு பெட்டி வைப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். அதற்கு ஒற்றைப் பெட்டியும் நல்ல பேக்கப்பும் எவ்வளவோ மேல்.

மையம் தெரியவில்லை என்றால் நான் நோயாளியா?

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகத்தின் கண்ணிலிருந்து மறைந்தது நினைவிருக்கும். பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை டேட்டா சென்டர்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டது. அதற்கடுத்து நடந்ததுதான் எட்ஜ்காரர்களுக்குப் பாடம். இணையப் பெயரை முகவரியாக மாற்றிச் சொல்லும் டிஎன்எஸ் சர்வர்கள் உலகெங்கும் சிறு நிலையங்களில் இருந்தன; அவை நல்ல நிலையில்தான் இருந்தன. ஆனால் டேட்டா சென்டரோடு பேச முடியாவிட்டால் தன்னைக் கோளாறானதாகக் கருதி, தனக்கு வரும் வழியை இணையத்திலிருந்து விலக்கிக்கொள்ள வேண்டும் என்று அவற்றுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். ஒரே ஒரு நிலையத்துக்கு அப்படி வந்திருந்தால் அது புத்திசாலித்தனமான விதி. எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் வந்ததால், அத்தனையும் ஒன்றாக விலகிக்கொண்டன.

நம் பயன்பாடுகளிலும் இதன் குட்டி வடிவங்கள் உண்டு. சேவை நலமா என்று பார்க்கும் ஹெல்த் செக்கில் மையத் தரவுத்தளத்தைத் தொட்டுப் பார்ப்போம். இணைப்பு போனதும் ஒழுங்காக ஓடும் சேவையைக் குபெர்னெட்டிஸ் கொன்று கொன்று எழுப்பும். கல்லாவில் இருப்பவரின் லாகின் மைய அடையாளச் சேவைக்குப் போய் வரும். கன்டெய்னர் எழும்போதெல்லாம் அதன் மென்பொருள் பொதியான இமேஜைப் புதிதாக இழுக்கச் சொல்லியிருப்போம். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் எனக்குத் தெரியும்: சோதனைக் கிளையில் கேபிளைப் பிடுங்கி ஒரு முழுநாள் வேலை பார்ப்பது, நடுவில் இருமுறை பெட்டியையும் அணைத்துப் போடுவது.

ஒரே நேரத்தில் எல்லோருக்கும் அப்டேட்

2024 ஜூலை 19-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் வெளியிட்ட பிழையான அப்டேட் கோப்பு 78 நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டது. ஆனாலும் மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. எழ முடியாத கணினிக்கு நெட்வொர்க் வழியே திருத்தம் அனுப்புவது எப்படி? பல இடங்களில் ஆள் நேரில் போய் சேஃப் மோடில் எழுப்பிக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. டேட்டா சென்டரில் அது ஒரு நீண்ட இரவு. முந்நூறு ஊர்களில் பெட்டி வைத்திருப்பவருக்கு அது பல வாரப் பேருந்துப் பயணம்.

எனவே அலை அலையாக அனுப்புங்கள்: முதலில் இரண்டு கிளை, மறுநாள் இருபது, அப்புறம் மற்றவை. பழைய சிஸ்டமும் புதியதும் வட்டின் அடுத்தடுத்த இரண்டு தனிப் பகுதிகளில் (பார்ட்டிஷன்) இருக்கட்டும். புதியது எழாவிட்டால் பெட்டி தானாகவே பழையதற்குத் திரும்ப வேண்டும். இன்னொன்று, அந்த முதல் இரண்டு கிளைகளாகத் தலைமை அலுவலகத்துக்குப் பக்கத்துக் கடையையே எல்லோரும் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கேதான் நல்ல ஃபைபர் இணைப்பும் புது ஹார்டுவேரும் இருக்கும். இருப்பதிலேயே மோசமான கடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இமேஜ் அளவையும் சும்மா விடாதீர்கள். ஒரு ஜிபி இமேஜ் 10 எம்பிபிஎஸ் இணைப்பில் இறங்க 13 நிமிடத்துக்கு மேல் ஆகும், அதுவும் மொத்த இணைப்பும் நமக்கே கிடைத்தால். கார்டு தேய்க்கும் இயந்திரமும் அதே இணைப்பில்தான் தொங்குகிறது.

கடிகாரமும் சான்றிதழும்

உள்ளங்கை அளவுக் கணினியான ராஸ்பெரி பையில், 4 வரையிலான பலகைகளில் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் கிடையாது. கரன்ட் போய் வந்தால், இணையத்தில் நேரம் கேட்டறியும் வரை அதற்குத் தேதி சரியாகத் தெரியாது. தேதி தவறினால், எதிர்முனை யார் என்று உறுதிசெய்யும், காலாவதித் தேதி கொண்ட டிஎல்எஸ் சான்றிதழ்களை ஏற்காது, எல்லா இணைப்பும் மறுக்கப்படும். சில நூறு ரூபாய்க்கு ஒரு கடிகாரச் சில்லு வாங்கி மாட்டினால் தீர்ந்தது.

குபெர்னெட்டிஸை நிறுவ உதவும் கியூப்அட்மின் கொண்டு அமைத்த கிளஸ்டரில் உள்சான்றிதழ்களின் ஆயுள் இயல்பாக ஓராண்டு. பதிப்பை உயர்த்தும்போது அவை புதுப்பிக்கப்படும். ஆக, நன்றாகத்தான் ஓடுகிறதே என்று ஓராண்டு தொடாமல் விட்ட கிளை, நிறுவிய அதே தேதியில் மடங்கும். ஒரே வாரத்தில் நிறுவிய கிளைகள் எல்லாம் ஒரே வாரத்தில்.

தரவு திரும்பி வரும்போது

இணைப்பு இல்லாதபோது கிளையில் பதிவானதைப் பிறகு மேலே அனுப்பும்போது, "கையிருப்பு 14" என்று அனுப்பாதீர்கள். மையமும் வேறொரு எண்ணை வைத்திருக்கும், எது சரி என்று யாராலும் சொல்ல முடியாது. "இரண்டு விற்றது" என்று நிகழ்வாக அனுப்புங்கள். ஒவ்வொரு நிகழ்வுக்கும் கிளையிலேயே உருவான தனி அடையாள எண் இருக்கட்டும். அனுப்பியது போய்ச் சேர்ந்து பதில் மட்டும் தொலைந்தால் கிளை மறுபடி அனுப்பத்தான் செய்யும். அதே எண் இரண்டாம் முறை வந்தால் மையம் பேசாமல் ஒதுக்கிவிட வேண்டும்.

மையம் விழுந்து எழுந்தால் எல்லாக் கிளைகளும் ஒரே வினாடியில் கதவைத் தட்டும். ஒவ்வொன்றும் சீரற்ற இடைவெளி விட்டு முயலட்டும்.

பெட்டிக்குப் பக்கத்தில் இருப்பவர்

எங்கள் பத்து மணிக் கதைக்குப் பெரிய தீர்வு எதுவும் தேவைப்படவில்லை. பெட்டிக்குச் சிறிய யுபிஎஸ் ஒன்று போட்டோம். கரன்ட் போனதும் தரவுத்தளத்தை ஒழுங்காக மூடிவிட்டு அணையும்படி எழுதினோம். கடை நேரத்துக்கு வெளியே மௌனமாக இருக்கும் கிளைக்கு எச்சரிக்கை வேண்டாம், திறந்து அரை மணி நேரமாகியும் மௌனமாக இருந்தால் மட்டும் வரட்டும் என்று மாற்றினோம்.

பெட்டி செத்தால் என்ன செய்வது என்பதையும் அப்போதுதான் யோசித்தோம். மாற்றுப் பெட்டி கூரியரில் போகும். இணையத்தில் சேர்ந்ததும் தன் வரிசை எண்ணைச் சொல்லி, தான் எந்தக் கிளை என்று கேட்டறிந்து, தானே எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளும். கடைக்காரருக்கு நாங்கள் அனுப்பியது அரைப்பக்கத் தாள், படத்தோடு: பழைய பெட்டியிலிருந்து நீல வயரையும் கறுப்பு வயரையும் பிடுங்குங்கள், புதியதில் அதே நிற ஓட்டையில் குத்துங்கள், பச்சை விளக்கு எரிந்தால் போன் பண்ண வேண்டாம்.