பழைய சோப்பு அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

அமெரிக்க சோப்பு கம்பெனிகள் 1870களிலும் 1880களிலும் மளிகைக் கடைகள் வழியாக இலவசமாகக் கொடுத்த வண்ண விளம்பர அட்டைகள் இன்றும் இணைய ஏலங்களில் தாராளமாகக் கிடைக்கின்றன. உள்ளங்கை அளவுதான் இருக்கும். பூ, பூனைக்குட்டி, கொழுகொழு குழந்தை என்று படம் கண்ணைப் பறிக்கும். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் படத்துக்குத்தான் காசு கொடுக்கிறார்கள். ஆனால் அட்டை எந்தக் காலத்தது, எந்தச் சரக்குக்காக அடித்தது என்பதைச் சொல்வது பின்பக்கம். கைக்கு வந்ததும் முதலில் திருப்புங்கள்.

பின்பக்கம் வெறுமையாக இருந்து, முன்பக்கத்தில் ஒரு கடையின் பெயர் மட்டும் கறுப்பில் இருந்தால் அது பொதுச் சரக்கு. அச்சகத்தார் ஒரே படத்தை ஆயிரக்கணக்கில் அடித்து, பெயர் போட இடம் விட்டு விற்பார்கள். வாங்கிய கடைக்காரர் உள்ளூர் அச்சகத்தில் தன் பெயரை ஏற்றிக்கொள்வார். லென்ஸில் பார்த்தால் அந்தக் கறுப்பு எழுத்தின் ஓரத்தில் மை பிதுங்கியிருக்கும், அட்டையில் லேசான பள்ளமும் தெரியும். இதே படம் செருப்புக் கடைக்கும் போயிருக்கலாம். சோப்பு அட்டை என்று சொல்லி விலை ஏற்றினால் நம்பாதீர்கள்.

கம்பெனியே அடித்த அட்டையின் பின்னால் எழுத்து நெருக்கமாக இருக்கும்: சலவை செய்யும் முறை, போலிகள் பற்றிய எச்சரிக்கை, உறைகளைச் சேர்த்து அனுப்பினால் என்ன பரிசு என்று. இதைப் புரிந்துகொள்ள அந்தக் காலத்தில் சோப்பு எப்படிக் காய்ச்சினார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும்.

பிரமாண்டமான கொப்பரையில் மாட்டுக் கொழுப்பை உருக்கி, நீராவியால் கொதிக்கவிட்டு, காஸ்டிக் சோடா என்ற காரத்தின் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார்கள். தொடக்கத்தில் கரைசல் நீர்க்க இருக்க வேண்டும். எடுத்த எடுப்பில் கெட்டியான காரத்தைக் கொட்டினால் கொழுப்பு அதோடு சேராமல் விலகி நிற்கும். சேர்ந்து பசையானதும் உப்புப் போடுவார்கள். சோப்பு திரிந்து மேலே வரும், கிளிசரின் கலந்த கழிவுநீர் அடியில் தங்கும், அதை வடித்துவிடுவார்கள். உப்பு குறைந்தால் பிரியாது. பிறகு மிச்சக் கொழுப்பும் சோப்பாக மாற மறுபடி காரம் ஊற்றிக் கொதிக்கவைத்து, கடைசியில் தண்ணீர் சேர்த்து, நீராவியை நிறுத்தி நாள்கணக்கில் அசையாமல் விடுவார்கள். அழுக்கும் மிஞ்சிய காரமும் கீழே இறங்கும். மேலே நிற்கும் சுத்தமான சோப்பைச் சட்டங்களில் வார்த்து, ஆறியபின் கம்பியால் துண்டு போடுவார்கள்.

அட்டை வாசகங்கள் இந்த வேலையில் எது தப்பும் என்பதைத்தான் சுற்றி வருகின்றன. ‘கையைப் புண்ணாக்காது’ என்றால் மிஞ்சிய காரம் இல்லை என்கிறார்கள். ‘கலப்படமில்லை’ என்பது பெரும்பாலும் சோடியம் சிலிகேட்டைக் குறிவைத்தது. மஞ்சள் சலவை சோப்பில் பைன் மரப் பிசின் சேர்ப்பது வழக்கம். 1861–65 அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களிலிருந்து பிசின் வருவது நின்றுபோக, பலர் சிலிகேட்டுக்கு மாறினார்கள். போர் முடிந்தும் எடை கூட்டும் மலிவுச் சரக்காக அது தங்கிவிட்டது. புராக்டர் அண்ட் கேம்பிள் 1879இல் ஐவரி என்று பெயர் வைத்த சோப்புக்குச் சொன்ன ‘99 44/100 சதவீதம் சுத்தம்’ கணக்கும் இந்த வகைதான்: சேராத காரம் 0.11, கார்பனேட் 0.28, தாது 0.17, ஆக மொத்தம் 0.56 நூற்றிலிருந்து கழிந்தது. ‘டாபின்ஸ் எலெக்ட்ரிக்’ என்ற பெயரில் வந்த சோப்புக்கும் மின்சாரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்தக் கம்பெனி ஷேக்ஸ்பியரின் ‘மனிதனின் ஏழு பருவங்கள்’ வரிசையில் ஏழு அட்டை வெளியிட்டது. தொகுப்பாக வாங்கினால் ஏழும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

காலம் கணிக்க இன்னும் சில பிடிகள் உண்டு. அமெரிக்கன் லித்தோகிராஃபிக் கம்பெனி பல அச்சகங்கள் இணைந்து 1892இல் உருவானது. அந்தப் பெயர் இருந்தால் அதற்கு முந்தையது அல்ல. எந்த நாட்டில் அச்சானது என்ற குறிப்பு இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தையது, காரணம், இறக்குமதிச் சரக்கில் அது தயாரான நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற அமெரிக்காவின் மெக்கின்லி சுங்கச் சட்டம். சீனர்களையும் கறுப்பின மக்களையும் இழிவுபடுத்தும் அட்டைகள் நிறைய வரும். சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வருவதைத் தடுத்த 1882 சீனர் விலக்குச் சட்டத்தை ஒட்டிய படங்களைக் காலக்கணிப்புக்குப் பயன்படுத்தலாம். பட்டியலிடும்போது ‘வேடிக்கைப் படம்’ என்று எழுதி மழுப்பாதீர்கள், படத்தில் இருப்பதை உள்ளபடி எழுதுங்கள்.

இனி முன்பக்கம். 10 மடங்கு லென்ஸில் குழந்தையின் கன்னத்தைப் பாருங்கள். அசலை அச்சுக் கல்லில் வரைந்து அடித்தார்கள்: ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல், அதில் கையால் வைத்த புள்ளிகள். அளவும் இடைவெளியும் ஒழுங்கில்லாமல் இருக்கும். ஒரு வண்ணம் சற்று விலகி உதட்டுக்கு வெளியே நிற்பதும் உண்டு, அது குறையல்ல. புள்ளிகள் வரிசை பிசகாமல் சின்னச் சின்ன வட்டப் பூக்கள்போலக் கூடியிருந்தால் பிற்கால மறுஅச்சு. சந்தேகம் தீரவில்லை என்றால் இருட்டில் புறஊதா டார்ச் அடியுங்கள். பளிச்சென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் 1950ஐ ஒட்டியோ பிறகோ செய்த தாள்.

அட்டைகளை ஆல்பத்தில் மாவுப்பசையால் ஒட்டுவது அன்றைய பொழுதுபோக்கு. முழு ஆல்பம் கிடைத்தால் பிரிக்க வேண்டாம், யார் எதை எதோடு சேர்த்தார்கள் என்பதே தகவல். தனிப் பக்கமாக வந்தால் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், பூச்சு இளகும், மை ஓடும். பக்கத்தைக் குப்புறப் போட்டு, ஆல்பத் தாளின் பின்புறம் ஈரமான, ஆனால் சொட்டாத ஒற்றுத்தாளைச் சில நிமிடம் வையுங்கள். பசை இளகியதும் அட்டையை மேசையில் தட்டையாக வைத்தபடி ஆல்பத் தாளைத்தான் வளைத்து உரிக்க வேண்டும். அட்டையை வளைத்தால் மடிப்பு விழும், பின்பக்க எழுத்து தோலோடு போய்விடும். பிறகு இரண்டு உலர்ந்த ஒற்றுத்தாள்களுக்கு நடுவே கனம் வைத்து, தாளை மாற்றி மாற்றி உலர்த்துங்கள்.

சேமிக்க பாலியெஸ்டர் உறை போதும். பி.வி.சி. உறை, செலோடேப், லேமினேஷன் மூன்றும் கூடாது. நம்மூர் மழைக்காலத்தில் மிஞ்சிய பசைக்கு ராமபாணப் பூச்சி வரும், ஆகவே சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். அச்சகம், முகவரி, அளவு, பின்பக்க வாசகம் முழுவதையும் தனித்தாளில் பென்சிலால் எழுதி அட்டையோடு வையுங்கள். அட்டையில் எழுத வேண்டாம்.