காலடி மண்ணிலிருந்து புவியின் கருவம் வரை: செட்டிநாட்டுச் சிறுவர்களுக்குக் கற்பிக்கும் முறை

புவியின் அடுக்குகளை வண்ணப் படமாக வரையவைத்தே மண், கல், கனிமம், புவியின் உள்ளமைப்பு பற்றிய பாடத்தைப் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். கண்ணால் காணவே முடியாத ஒன்றிலிருந்து தொடங்குவதால், பிள்ளைகள் பெயர்களை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடுகிறார்கள். மண்ணில் தொடங்கி, கல்லையும் கனிமத்தையும் கையால் அறிந்த பிறகு, ஆழத்தைக் கடைசியாக வைத்துக்கொள்வதே சரி என்பது என் உறுதியான கருத்து. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு இதற்கு வேண்டியவை பெரும்பாலும் வீட்டிலும் தெருவிலுமே கிடைத்துவிடும்.

இரண்டு கண்ணாடிச் சீசாக்களை எடுத்து, ஒன்றில் தோட்டத்துச் செம்மண்ணையும் மற்றொன்றில் வற்றிய ஊருணியின் அடியில் படிந்த களிமண்ணாகிய கரம்பையையும் மூன்றில் ஒரு பங்கு இட்டு, நீர் நிரப்பி, மூடி, நன்றாகக் குலுக்கி அசையாமல் வைக்கச் சொல்லுங்கள். மணல் ஓரிரு நிமிடங்களில் அடியில் படியும். வண்டலுக்குச் சில மணி நேரம் ஆகும். களி தெளிய ஒரு நாளோ அதற்கு மேலோ வேண்டும். மறுநாள் அடிக்கோல் வைத்து ஒவ்வொரு படிவையும் அளந்தால், எந்த மண் நீரைப் பிடித்து வைக்கும், எது விட்டுவிடும் என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். செம்மண்ணின் நிறம் அதிலுள்ள இரும்பு ஆக்சைடால் வருவது என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

அடுத்தது கல். செம்புராங்கல் துண்டு ஒன்றையும் கருங்கல் துண்டு ஒன்றையும் அருகருகே வைத்து, இரண்டின்மீதும் ஒவ்வொரு சொட்டு நீர் விடச் செய்யுங்கள். செம்புராங்கல் அதை உறிஞ்சிக்கொள்ளும். கருங்கல்லின்மேல் சொட்டு அப்படியே நிற்கும். வெப்பமும் மழையும் மிகுந்த நிலத்தில் பாறை நெடுங்காலம் சிதைந்து, கரையக்கூடியவை நீரோடு போய், இரும்பும் அலுமினியமும் தங்கி இறுகியதே செம்புராங்கல் என்பதால்தான் அதில் இத்தனை துளைகள். கருங்கல் ஜல்லியில் வரிகளில்லாமல் மணிமணியாக இருப்பது, ஆழத்தில் பாறைக்குழம்பு மெல்லக் குளிர்ந்து உருவான தீப்பாறையாகிய கிரானைட். வரிவரியாக இருப்பது, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய நைஸ் பாறை. வரிகளைப் பிள்ளைகள் விரலால் தொடர்ந்து பார்க்கட்டும்.

செட்டிநாட்டில் எளிதாக வாய்க்கும் ஒரு சோதனை உண்டு. பழைய வீட்டுச் சுவரிலிருந்து தானாக உதிர்ந்த சுண்ணாம்புப் பூச்சுத் துணுக்கு ஒன்றையும், கடற்சிப்பி ஒன்றையும் தனித்தனிக் கிண்ணங்களில் இட்டு வினிகர் ஊற்றினால், இரண்டிலும் நுரைத்துக் குமிழிகள் எழும். சிப்பியைச் சுட்டு, நீற்றி, அரைத்துப் பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை ஏற்று மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாகவே இறுகிவிடுகிறது. அந்த வாயுதான் இப்போது குமிழியாக வெளியேறுகிறது. சுண்ணாம்புக்கல் உருமாறிய பளிங்கும் இதே கனிமத்தால் ஆனது என்பதால், வீட்டின் நடுமுற்றமான வளவின் பளிங்குத் தரையில் எலுமிச்சைச் சாறுகூடப் படக்கூடாது. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லையும் காட்டி, அது பாறையா என்று கேளுங்கள். கண்ணாடிப் பலகைமேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமென்டும் சேர்த்துச் செய்து, சூளையில் சுடாமல் நீரில் பதப்படுத்தும் அந்தக் கல்லைப் பற்றி நல்ல விவாதம் நடக்கும்.

கனிமங்களுக்குக் கீறல் சோதனையே போதும். 1812இல் ஃபிரெடரிக் மோஸ் வகுத்த 1 முதல் 10 வரையிலான கடினத்தன்மை அளவையில் விரல் நகம் ஏறத்தாழ 2.5, கண்ணாடி 5.5, குவார்ட்ஸ் 7. ஆகவே ஜல்லியில் கண்ணாடிபோல் தெரியும் குவார்ட்ஸ் சீசாவைக் கீறும். ஏடு ஏடாக உரியும் காக்காப்பொன்னை (மைக்கா) நகமே கீறிவிடும். சிவகங்கையில் வெட்டியெடுக்கப்படும் கிராஃபைட் அதைவிட மென்மையானது. பென்சில் எழுதுவது அதனால்தான். வீட்டுத் தூண்களிலும் கோயில் சிற்பங்களிலும் கீறவே கூடாது என்பதை முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

இனி ஆழம். புவியின் மேற்பரப்பிலிருந்து மையம் வரையிலான தொலைவுக்கு, 10 கிலோமீட்டருக்கு 1 சென்டிமீட்டர் என்ற கணக்கில், 6 மீட்டர் 37 சென்டிமீட்டர் நீளக் கயிற்றை வளவில் நீட்டி, கோலமாவால் குறியிடுங்கள். நம் காலடியில் உள்ள மேலோடு 3 அல்லது 4 சென்டிமீட்டர்தான். அதற்குக் கீழுள்ள கவசம் 2 மீட்டர் 89 சென்டிமீட்டரிலும், உருகிய நிலையிலுள்ள புறக்கருவம் 5 மீட்டர் 15 சென்டிமீட்டரிலும் முடியும். எஞ்சியது திண்மமான உட்கருவம். ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1989இல் எட்டிய 12,262 மீட்டர் ஆழத் துளை இந்தக் கயிற்றில் 1.2 சென்டிமீட்டர் மட்டுமே. அப்படியானால் உள்ளே இருப்பது எப்படித் தெரிந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். நிலநடுக்க அலைகள் ஒவ்வோர் அடுக்கிலும் வளைந்தும் எதிரொளித்தும் செல்வதை அளந்தே இதை அறிந்தார்கள் என்றும், உட்கருவம் உண்டென்பதை டென்மார்க்கைச் சேர்ந்த இங்கெ லேமன் என்ற பெண் அறிவியலாளர் 1936இல் அவ்வாறே கண்டறிந்தார் என்றும் அப்போது விளக்குங்கள்.